சத்தம் போடும், ஆனால் குளிரும்

எங்கள் தெருவில் புதிதாக எதுவுமே விற்பதில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பழைய ஃப்ரிட்ஜ், பழைய வாஷிங் மெஷின், பழைய ஏசி. கடைக்காரர்களிலும் பாதிப் பேர் பழையவர்கள்தான். அந்தத் தெருவின் வியாபாரிகள் சங்கத்துக்கு நான்தான் தலைவர். ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அன்றைய கூட்டத்துக்கு நான் தாமதமாகப் போனேன். போய்ச் சேர்வதற்குள் எல்லோரும் பேசி வைத்துப் பதவியை என் தலையில் கட்டியிருந்தார்கள்.

எங்கள் கடையில் பழுது பார்ப்பதும் பேசி விற்பதும் என் வேலை. கல்லாவும் என்னைக் கண்காணிப்பதும் என் மனைவியின் வேலை. பேசி விற்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் கடைக்கு வந்த ஃப்ரிட்ஜ் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு டாக்டர் வீட்டிலிருந்து வந்ததாகவே இருக்கும். டாக்டர் வெளிநாடு போகிறார், மனசில்லாமல் விற்கிறார். "வீட்ல ரெண்டே பேருங்க. ஃப்ரிட்ஜைத் திறந்ததே கிடையாது" என்பேன். நான் விமானம் ஏற்றி அனுப்பிய டாக்டர்களைக் கணக்கெடுத்தால் இந்த ஊரில் ஒரு காய்ச்சலுக்கு மருந்து எழுதக்கூட ஆள் மிஞ்சியிருக்காது.

வாங்க வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவர் மோட்டார்மேல் காதை வைத்துக் கேட்பார். ஒருவர் உள்ளே தலையை விட்டு மோந்து பார்ப்பார். ஒருவர் கதவிடுக்கில் காகிதத்தைச் செருகி, ரப்பர் பிடிக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார். கூடவே, "மெஷின் விஷயமெல்லாம் அத்துப்படி" என்று ஒரு சித்தப்பாவை அழைத்து வருவார்கள். சித்தப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். நான் அளப்பது சித்தப்பாவுக்குத் தெரியும். இருவரும் மரியாதை குறையாமல் வெகுநேரம் பேசுவோம். டீ வரவழைப்பேன். குடித்துவிட்டு எதிர்க்கடைக்குப் போவார்கள்.

எதிர்க்கடை என் மச்சானுடையது. மனைவியின் தம்பி. அவனிடம் இருந்த ஃப்ரிட்ஜெல்லாம் நீதிபதி வீட்டிலிருந்து வந்தவை.

இப்படிக் காலம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் புது விதி வந்தது. பழைய மின்சாதனம் எதை விற்றாலும், அதில் எதை மாற்றியிருக்கிறோம், இன்னும் என்ன குறை இருக்கிறது என்று ஓர் அட்டையில் எழுதி அதன்மேல் தொங்கவிட வேண்டும். பிடிக்கவில்லை, ஓடவில்லை என்று ஒரு வாரத்துக்குள் வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்தால், மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு பணத்தையோ வேறு சாதனத்தையோ கொடுக்க வேண்டும். அட்டையில் பொய் எழுதினால் அபராதம்.

சங்கத்தில் அவசரக் கூட்டம் போட்டோம். நான் மேஜையைத் தட்டிப் பேசினேன். மேஜையும் பழசுதான், ஒரு கால் ஆடியது.

"நம்பிக்கைங்கிறது அட்டையில எழுதித் தொங்கவிடுற சமாசாரமா? மனுஷன் முகத்தைப் பாத்து வர்றது! இத்தனை வருஷமா என் முகம்தான்யா என் கேரண்டி!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. தெரு முனை திரும்பியதும் கூட வந்த மனைவி சொன்னாள்: "அந்த முகத்தைப் பாத்துட்டுத்தான் பாதிப் பேரு என் தம்பி கடைக்குப் போறாங்க."

மறுவாரம் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போனோம். நான், மச்சான், சங்கத்துப் பொருளாளர், கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் மனுவை எழுதித் தந்த என் மனைவி. அதிகாரி ஓர் அம்மாள். கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு நான் பேசியதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். நான் சிறு வியாபாரி என்றேன், வயிற்றில் அடிக்காதீர்கள் என்றேன், பழைய பொருளுக்கு யாரால் உத்தரவாதம் தர முடியும் என்றேன். முடித்ததும் அவர் தும்மினார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"உங்க வீட்ல என்ன ஃப்ரிட்ஜ் வச்சிருக்கீங்க?"

இதில் ஏதோ பொறி இருக்கிறது என்று எனக்கு உறைப்பதற்குள் மனைவி பதில் சொல்லிவிட்டாள்.

"புதுசுங்க. ஷோரூம்ல எடுத்தது."

"கடை நிறைய ஃப்ரிட்ஜ் இருக்கே. அதுல ஒண்ணை எடுத்துக்கலையா?"

"இவர்தாங்க வேண்டாம்னாரு. ஷோரூம்லன்னா அஞ்சு வருஷ வாரண்டி தர்றான், ரிப்பேர் ஆனா அவன் தலைவலின்னாரு."

பொருளாளர் கூரையைப் பார்த்தார். மச்சான் செருப்பைப் பார்த்தான். அதிகாரி மனுவை வாங்கி முத்திரை போட்டு, நகலை என் கையில் கொடுத்து, "மாசம் பொறந்ததும் ஆய்வுக்கு வருவோம். அட்டையெல்லாம் தயாரா இருக்கட்டும்" என்றார்.

மனிதனுக்கு மூக்குடைபட்டால் அடங்கியிருக்க வேண்டும். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. குறையை எழுதச் சொல்கிறார்களா? எழுதிவிடுகிறேன். ஒன்று விடாமல் எழுதுகிறேன். படித்துவிட்டு ஒருவன் கடைக்குள் கால் வைக்கக் கூடாது. தெருவே காற்றாடட்டும். அப்போது அந்த அம்மாளை அழைத்து வந்து காட்டுகிறேன், உங்கள் சட்டத்தால் வந்த வினையைப் பாருங்கள் என்று. இதுதான் என் திட்டம்.

தடித்த அட்டையும் கறுப்பு மார்க்கரும் வாங்கி வந்து ஒரு பகல் முழுக்க எழுதினேன். வாசலில் நிறுத்தியிருந்த பெரிய ஃப்ரிட்ஜுக்கு இப்படி எழுதினேன்:

"இது எந்த டாக்டர் வீட்டிலிருந்தும் வரவில்லை. ஒரு விடுதியின் சமையலறையிலிருந்து வந்தது. சத்தம் போடும், வீட்டுக்கு வந்தவர்கள் வாசலில் லாரி நிற்கிறது என்று நினைப்பார்கள். ஆனால் குளிரும். கதவின் கைப்பிடி வேறு கம்பெனியுடையது. காய்கறித் தட்டு உடைந்து கயிறு கட்டியிருக்கிறது. கயிறு மட்டும் புதிது."

பக்கத்தில் நின்ற வாஷிங் மெஷினுக்கு: "நன்றாகத் துவைக்கும். பிழியும்போது நடக்கும். ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிடிக்காவிட்டால் கூடத்துக்கு வந்துவிடும்."

எழுத எழுத எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பொய்க்கு யோசிக்க வேண்டும். இதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அட்டைகளைத் தொங்கவிட்டுவிட்டு, ஈ ஓட்டுவதற்குத் தயாராக நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன்.

முதலில் வந்தவர் பணி ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அட்டையை நின்று படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"லாரி மாதிரி சத்தம் போடுமா?"

"போடும்."

"எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வாழ்நாள் முழுக்க இஞ்சின் பக்கத்துல உக்காந்தவன். சத்தம் இல்லாட்டித்தான் தூக்கம் வராது. வண்டியில ஏத்துங்க."

அவர் காது வைத்துக் கேட்கவில்லை. மோந்து பார்க்கவில்லை. கூட ஒரு சித்தப்பா இல்லை. "என்னை நம்பி வாங்குறீங்களேண்ணே" என்றேன்.

"உங்களையா?" என்று அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "உங்களை எனக்குத் தெரியவே தெரியாதே. ஓடலைன்னா ஒரு வாரத்துல நீங்க திருப்பி எடுத்தாகணும்ல? அதை நம்பி வாங்குறேன். அப்புறம், இவ்வளவு கேவலமா எழுதினவருக்கு இதுக்கு மேல ஒளிக்க என்ன இருக்கப் போவுதுன்னும் தோணிச்சு."

இத்தனை வருஷமாகக் கேரண்டியாக இருந்த என் முகம் அப்போது எப்படி இருந்தது என்று மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

யாரோ அட்டைகளைப் போட்டோ பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். படித்துச் சிரிக்கவே ஆட்கள் வந்தார்கள். சிரித்தவர்களில் பலர் வாங்கினார்கள். நடக்கும் வாஷிங் மெஷினை ஒரு புதுமணத் தம்பதி எடுத்துக்கொண்டு போனார்கள். யார் பிடித்துக்கொண்டு நிற்பது என்று வாசலிலேயே அவர்களுக்குள் செல்லச் சண்டை. எங்கள் கடைக்கு "உண்மைக் கடை" என்று பெயர் விழுந்தது. தெருவில் போகிறவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். கேலிக்கு எழுதினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நானும் பணிவாகத் தலையை ஆட்டிக் கும்பிட்டேன்.

"சட்டத்தைத் திட்டணும்னு எழுதினீங்க பாருங்க," என்றாள் மனைவி, "அதுதான் நீங்க ஆயுசுல எழுதின முதல் நல்ல விஷயம்."

எதிர்க்கடையில் நிலைமை வேறு. மச்சான் எல்லா இயந்திரங்களிலும் ஒரே வாசகத்தை அச்சடித்துத் தொங்கவிட்டிருந்தான்: "நல்ல நிலையில் உள்ளது." ஆரம்பத்தில் கொஞ்சம் விற்றது. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கியது. வண்டி வந்து அவன் கடை வாசலில் நிற்கும்போதெல்லாம், ஏற்ற வந்திருக்கிறதா இறக்க வந்திருக்கிறதா என்று தெருவே எட்டிப் பார்த்தது. ஆய்வுக்கு வந்தவர்கள் அவனுக்கு அபராதம் எழுதிவிட்டுப் போன அன்று, அவன் நேராக என் கடைக்கு வந்தான்.

"மாமா, உண்மை உண்மைன்னு எழுதி என் பொழப்பைக் கெடுத்துட்டீங்க."

"டேய் மாப்ள, நான் எதிர்ப்பு தெரிவிச்சேன்டா. சங்கத்துக்காக!"

"எதிர்ப்பு தெரிவிச்சே கடையைக் காலி பண்ணிட்டீங்களே மாமா! நாங்களெல்லாம் ஆதரவு தெரிவிச்சாலும் இவ்வளவு விக்காது."

அக்காதான் தம்பியை உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். "உன் கடை மெஷினுக்கு என்ன குறைன்னு உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டாள். அவன் தெரியாது என்றான். வாங்கினதை அப்படியே துடைத்து விற்பதுதான் அவன் பழக்கம். "அப்ப முதல்ல அதைத் தெரிஞ்சுக்க. அட்டையை அப்புறம் பாத்துக்கலாம்." மறுநாளிலிருந்து அவன் கடையில் ஒவ்வொரு ஃப்ரிட்ஜையும் ஓடவிட்டுப் பார்க்க ஆரம்பித்தான். என்னைக் கேட்காமலே என் கருவிப்பெட்டியை அவனுக்குத் தூக்கிக் கொடுத்தவள் அவள்தான்.

அந்தச் சமயத்தில்தான் தையற்கார அம்மா வந்தார். அளவு நாடா கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து வைக்க மறந்து வந்திருந்தார். சின்ன ஃப்ரிட்ஜாகப் பார்த்தார். அட்டையைப் படித்தார். "கம்ப்ரஸர் பழசு. தெர்மோஸ்டாட் புதிதாக மாற்றியது. வெளியில் பெயின்ட் உரிந்திருக்கிறது" என்று அதில் எழுதியிருந்தேன்.

"பொண்ணுக்கு இன்சுலின் வைக்கணுங்க" என்றார். "இத்தனை நாளா மருந்துக்கடையிலேயே வச்சிருந்து வேளைக்கு வேளை ஓடி வாங்கினோம். புது ஃப்ரிட்ஜ் நமக்குக் கட்டாது. பழசு வாங்க பயம். இப்ப திருப்பிக் கொடுக்கலாம்னு சொல்றாங்களே, அதான் தைரியமா வந்தேன்."

நான் நல்லபடியாகத்தான் கொடுத்தேன். தெர்மோஸ்டாட்டை என் கையால் மாற்றியிருந்தேன். ஆனாலும் அந்த வாரத்திலேயே ஒருநாள் காலை அவர் மறுபடி கடை வாசலில் வந்து நின்றார். பின்னால் வண்டியில் ஃப்ரிட்ஜ்.

இந்தத் தொழிலில் திருப்பிக் கொண்டுவருகிறவர் எப்படி வருவார் என்று எனக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, வண்டியை விட்டு இறங்கும்போதே கத்திக்கொண்டு வருவார். இந்த அம்மா தனியாக வந்திருந்தார். கத்தவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. என் வாய் என்னைக் கேட்காமலே பழைய பாட்டைத் தொடங்கிவிட்டது.

"கதவை அடிக்கடி திறந்திருப்பீங்க... உங்க வீட்டு கரண்ட்டு ஏறி இறங்குதா... சுவரோட ஒட்டி வச்சிருப்பீங்க..."

மனைவி கல்லாவிலிருந்து ஒரு பார்வை பார்த்தாள். நான் நிறுத்தினேன்.

"சார், நான் சண்டை போட வரலை" என்றார் அந்த அம்மா. "மாத்திக்க வந்தேன். உள்ள சின்ன தெர்மாமீட்டர் வச்சிருந்தேன். நேத்து சாயங்காலத்துலேருந்து சூடு ஏறிக்கிட்டே போச்சு. மருந்தை எடுத்துப் பக்கத்து வீட்ல வச்சிட்டேன். ஒண்ணும் கெட்டுப் போகலை."

பணத்தை எடுக்க மனைவி கல்லாவைத் திறந்தாள். அந்த அம்மா கையை ஆட்டினார். "பணம் வேண்டாங்க. வேற ஒண்ணு காட்டுங்க."

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகமாகிவிட்டது. என் அனுபவத்தில், பொருளைத் திருப்பிய மனிதர் என் கடை இருக்கும் பக்கம்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. ஒருவர் எங்கள் கண்ணில் படாமலிருக்க இரண்டு தெரு சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவார். இந்த அம்மாவோ உள்ளே வந்து, ஒவ்வொரு அட்டையாக நின்று படித்துக்கொண்டிருந்தார்.

"எங்க கடையிலயேவா?" என்று கேட்டே விட்டேன்.

"ஏன் சார், கெட்டுப் போனதை எடுத்துக்கிட்டீங்கல்ல? வேற கடையில எடுத்துப்பாங்களா இல்லையான்னு நான் இனிமேதானே பாக்கணும்."

சட்டம் பிடரியில் கை வைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னது, நான் எடுத்துக்கொண்டேன். அந்தப் பெருமை முழுவதையும் அவர் என் பேரில் எழுதிவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. எது எந்த அளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். நான் உடனே ஏற்றி அனுப்பவில்லை. அவருடைய தெர்மாமீட்டரையே உள்ளே வைத்து மறுநாள் வரை கடையில் ஓடவிட்டேன். நினைத்து நினைத்துப் போய்த் திறந்து பார்த்தேன். "அடிக்கடி திறந்தா கெட்டுரும்னு ஊருக்கெல்லாம் சொல்வீங்களே" என்று மனைவி கேட்ட பிறகு கதவருகே போகவில்லை. கெட்டுப்போன ஃப்ரிட்ஜைப் பிரித்துப் பார்த்ததில், தெர்மோஸ்டாட்டில் ஒன்றுமில்லை. கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ரிலே எரிந்திருந்தது. அதை நான் கழற்றிப் பார்க்காமலே விட்டிருந்தேன். அன்றிலிருந்து எந்த ஃப்ரிட்ஜ் வந்தாலும் முதலில் அதைத்தான் கழற்றுகிறேன். மச்சானிடமும் சொல்லிவைத்தேன்.

ஃப்ரிட்ஜைக் கொண்டுபோய் வைக்க நானே வண்டியோடு போனேன். ஒரே அறையும் ஒரு சமையலறையும். தையல் மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவே இடம் ஒழித்து வைத்திருந்தார்கள். சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று அந்த அம்மா நாடாவால் அளந்தார். பள்ளிச் சீருடையில் இருந்த அவர் மகள் மருந்துப் புட்டிகளைப் பக்கத்து வீட்டிலிருந்து கொண்டுவந்து மேல்தட்டில் அடுக்கிவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் அந்த உண்மை அங்கிளா?"

"ஆமா" என்றேன். வாய் கூசியது.

"இது சத்தம் போடுமா?"

"கொஞ்சம் போடும். கொசு பறக்குற மாதிரி."

அவள் ஃப்ரிட்ஜ்மேல் காதை வைத்துக் கேட்டாள். "கொசு இல்லை, வண்டு" என்று திருத்தினாள். அவள் அம்மா சிரித்தார். நான் பையிலிருந்து மார்க்கரை எடுத்து, அட்டையிலும் எழுதியிருந்த கொசுவை அடித்து வண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது எங்கள் தெரு நன்றாக ஓடுகிறது. முன்பு பழைய சாமான் பக்கமே வராதவர்கள்கூட வருகிறார்கள். சித்தப்பாக்கள் குறைந்துவிட்டார்கள், அவர்களுக்கு டீ வாங்கித் தந்த செலவும் மிச்சம். மச்சான் கடை அட்டைகளைப் படித்தால் எனக்கே பொறாமை வரும். ஒரு ஏசிக்கு, "குளிரும், ஆனால் ரிமோட்டைச் சுவரில் ஒருமுறை தட்ட வேண்டும், எந்தச் சுவராக இருந்தாலும் சரி" என்று எழுதியிருக்கிறான். திரும்பி வரும் வண்டிகள் இப்போதும் உண்டு. ஆனால் யாரும் ஆள் சேர்த்துக்கொண்டு வருவதில்லை.

போன வாரம் பக்கத்துத் தெரு பழைய ஸ்கூட்டர் வியாபாரிகள் கூட்டமாக என் கடைக்கு வந்தார்கள். அவர்களுக்கு இந்த விதி கிடையாது. வாடிக்கையாளர்கள் எங்கள் தெருவில் நிம்மதியாக வாங்கிவிட்டு, அவர்கள் தெருவில் கால் வைத்ததும் மெக்கானிக்கைத் தேடுகிறார்களாம். எங்களுக்கும் இதே மாதிரி ஒரு விதி போடுங்கள் என்று அதிகாரியிடம் கேட்கப் போகிறார்களாம். சங்கத் தலைவரைத் தேடித்தான் வந்திருக்கிறார்கள் என்று நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன்.

"எப்பப் போறோம்?" என்றேன்.

அவர்களில் பெரியவர் தயங்கினார். "இல்லைண்ணே... மனு எழுதி, விஷயத்தைப் பளிச்சுன்னு ஒரு வார்த்தையில சொல்றதுக்கு ஒருத்தர் வேணும். அக்கா வந்தாங்கன்னா போதும்."

மனைவி கல்லாச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு அவர்களோடு கிளம்பினாள்.